மஞ்சள் கோடு

சி ஷிப்ட் முடிந்து வெளியே வந்தேன்.
கேன்டீன் பொங்கலை வேண்டாம் என்றுவிட்டேன்.
ஓசூர் பனியில் நனைந்த சீட்டைத் துடைக்கத்
துப்பட்டா நுனி போதவில்லை.
நூறு சி.சி., மூன்றாம் கை, டிஎன் 29.
நாலாவது உதையில்தான் வாய் திறக்கும்.

தேன்கனிக்கோட்டையில் காற்றடித்தவன் கேட்டான்:
"இவ்ளோ காலைல எங்கக்கா?"
"கல்யாணத்துக்கு" என்றேன்.
வண்டிகள் கூடுகின்றன, அதைப் பார்க்கப் போகிறேன் என்றால்
டயரை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பான்.

அப்புறம் காடு.
தை மாதத்து மூங்கில் இரண்டு பக்கமும் வெளுத்துக் கிடக்கிறது.
தூக்கம் விரட்டச் சத்தமாக எண்ணிக்கொண்டே போகிறேன்:
வளைவு ஒன்று, வளைவு இரண்டு.
மூன்றில் ஒரு தக்காளி வண்டி,
விளக்கும் இல்லை, எஞ்சினும் இல்லை.
டிரைவர் சிக்கண்ணன் உதட்டில் விரல் வைத்தான்.
பிறகு ஐந்து விரலையும் விரித்தான்.
கொஞ்சம் யோசித்து,
இடுப்பு உயரத்தில் கையை வைத்து
இன்னும் ஒன்று என்றான்.

அணைத்தேன்.
இரவெல்லாம் கன்வேயர் ஓடிய காதுக்கு
முதலில் ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு என் சைலன்சர் ஆறுகிற சத்தம்.
பிறகு, ரொம்பப் பக்கத்தில்,
மூங்கில் முறிகிற சத்தம்.
அரை மணி நேரம்.
சட்டையில் துடைத்து ஒரு தக்காளி தந்தான் சிக்கண்ணன்.
"அதுங்களுக்கும் எங்கயோ கூட்டம் இருக்கும்" என்றான்,
பாதி கன்னடத்தில்.

நாட்றாம்பாளையம் தாண்டி, ராகி அறுத்த கொல்லை.
இருநூறு வண்டிகள் தாளை மிதித்து நின்றன.
முழங்காலுக்குக் கவசம், முதுகுக்குக் கவசம்,
ஹெல்மெட் உச்சியில் கேமரா.
நோட்டில் பெயர் எழுதுகிறவன்,
"யார் பின்னாடி வந்தீங்க?" என்றான்.
சாவியைக் காட்டினேன்.
"எத்தனை சி.சி.?"
சொன்னதை எழுதிவிட்டு,
ஒரு சைபர் விட்டுப்போச்சோ என்பதுபோல் நிமிர்ந்தான்.

கூடாரத்தில் யாரோ
ஆக்சிஜன் குறைகிற கணவாய்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.
நான் டீயோடு நழுவி
ஒவ்வொரு வண்டியின் பின்சக்கரத்தருகிலும் குத்தவைத்தேன்.

அங்கே ஒரு போல்ட் இருக்கும்.
ஐம்பது விநாடிக்கு ஒன்று, ஆறு வருடமாக.
ரெஞ்ச் 'டக்' என்றதும் விட்டுவிட வேண்டும்.
இறுக்கியதற்குச் சாட்சியாக
மஞ்சள் மையில் ஒரு கோடு இழுக்க வேண்டும்.
மற்றவர்கள் கோடு நேராக விழும்.
நான் இடக்கைக்காரி,
என்னுடையது சாய்ந்து விழும்.
சூப்பர்வைசர் இரண்டு முறை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார்.
மொத்தம் எத்தனை என்று கணக்குப் போட்டதில்லை.
போட்டால் பகலில் தூக்கம் வராது.

பதினோராவது, ஒரு சிவப்பு வண்டி.
காய்ந்த சேறு ஓடாகப் படிந்திருந்தது.
நகத்தால் சுரண்டினேன்.
மஞ்சள்.
சாய்ந்திருந்தது.

"மேடம், மேடம், தொடாதீங்க ப்ளீஸ்!"
ஓடி வந்தவனின் ஜாக்கெட்டில் ஷரத் என்று இருந்தது.
"இது எந்த ஊர் மண்ணு?" என்று கேட்டேன்.
அவனுக்குக் கோபம் பாதியில் நின்றுபோனது.
"லடாக். கழுவ மனசு வரல."

நான் சேலம் தாண்டியதில்லை.

"எங்கயாவது கழண்டுச்சா?"
"எது?"
"இந்த போல்ட்டு."
குனிந்தான்.
அப்படி ஒன்று இருப்பதையே
அப்போதுதான் பார்த்தான் என்று நினைக்கிறேன்.
"இல்லியே. ஏன்?"
"சும்மா."

மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன்,
இருட்டினால் சாலை அவைகளுடையது.
அஞ்செட்டி ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு இறங்கி
முனகிக்கொண்டே ஏறியது வண்டி.
அதே வளைவில் இப்போது யாரும் இல்லை,
லத்தி மட்டும், அதன் மேல்
எந்த வண்டியோ ஏறிப்போன டயர் தடம்.
ஒரு காரணமும் இல்லாமல் அணைத்தேன்.
நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் மண் இருந்தது.
பத்தரைக்கு மறுபடி ஷிப்ட்.

திரும்ப உதைத்தால்
முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது சனியன்,
நான் இன்னும் கொஞ்சம்
நிற்கலாம் என்று நினைத்த நேரத்தில்.